பள்ளத்தில் உறைபனி, மேட்டில் பச்சை

ஜனவரியில் விடியும் முன் உதகைக்கு அருகே தலைகுந்தா பக்கம் போனால் ஒரு காட்சி கண்ணில் படும். சாலையோரப் புல்வெளிப் பள்ளம் உப்பைக் கொட்டிப் பரப்பியதுபோல் வெளுத்துக் கிடக்கும். அதே சரிவில் ஐம்பது அறுபது மீட்டர் மேலே நிற்கும் தேயிலையில் ஓர் இலைகூடக் கருகியிருக்காது. மேலே போகப் போகக் குளிரும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது பொய்யில்லை, ஆனால் சராசரிக் கணக்கு. மலையில் பயிர் வைப்பவருக்கும் வீடு கட்ட இடம் பார்ப்பவருக்கும் அந்தச் சராசரி கைகொடுக்காது. காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே ஏறுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்த்தால்தான் நீலகிரியும் பழனி மலையும் புரியும்.

முதலில் அந்தச் சராசரி எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். வெயில் காற்றைப் பெரும்பாலும் ஊடுருவிக்கொண்டு தரைக்கு வந்துவிடுகிறது. தரை சூடாகி, அடியிலிருந்து காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று எழும்புகிறது. மேலே அழுத்தம் குறைவு என்பதால் அது விரிகிறது. விரிவதற்குத் தன் சூட்டையே செலவு செய்கிறது. மேகம் கட்டாத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் 9.8 டிகிரி குளிரும். மேகம் கட்டத் தொடங்கிவிட்டால் நீராவி துளியாகும்போது வெளிவிடும் வெப்பம் பாதியை ஈடுகட்டிவிடும். அப்போது குளிர்வது 5 டிகிரி அளவில்தான். இரண்டும் கலந்த உலகச் சராசரிதான் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர், உதகை சுமார் 2,240 மீட்டர். இடைவெளி 1,900 மீட்டர் என்றால் 12 டிகிரி வித்தியாசம். மே மாதப் பிற்பகலில் கீழே 36 என்றால் மேலே 23, 24. பகல் நேரத்தில் இந்தக் கணக்கு பெரிதாகப் பிசகாது.

அழுத்தத்தையும் சொல்ல வேண்டும். கடல் மட்டத்தில் 1,013 ஹெக்டோபாஸ்கல். உதகையில் ஏறத்தாழ 775. நம் தலைக்கு மேல் நிற்க வேண்டிய காற்றின் நிறையில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவானது காலுக்குக் கீழே போய்விட்டது. தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை வேக வைத்தால் முழுசு முழுசாக நிற்பது இதனால்தான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வருவதற்குள் உப்பிவிடுவதும் இதே காரணம்.

இந்தக் குளிர்ச்சி முடிவில்லாமல் மேலே போவதில்லை. நம் அட்சரேகையில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது. துருவங்களில் அந்த எல்லை 8, 9 கிலோமீட்டரிலேயே வந்துவிடும். தரையிலிருந்து இந்த எல்லை வரை உள்ளதுதான் கீழடுக்கு. நமக்கு அது தடிமனாக இருப்பதால் எல்லையில் குளிரும் அதிகம்: மைனஸ் 75, 80 டிகிரி. அதற்கு மேல் மீள் அடுக்கு. அங்கே ஓசோன் புற ஊதாக் கதிரை விழுங்கிச் சூடாவதால், ஏற ஏற வெப்பம் கூடுகிறது. கீழே குளிர்ந்த கனமான காற்று, மேலே வெதுவெதுப்பான காற்று. இது பானைக்கு மூடி போட்ட மாதிரி. இடிமேகம் எவ்வளவு வேகத்தில் எழும்பினாலும் இந்த மூடியில் முட்டிப் பக்கவாட்டில் விரிகிறது. ஏப்ரல் மாலையில் கொடைக்கானலிலிருந்து மதுரைப் பக்கம் பார்த்தால் அந்தத் தட்டைத் தலை தெளிவாகத் தெரியும். அத்தகைய மேகத்துக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு உதகையிலேயே ஓர் அளவீடு உண்டு. 2014 டிசம்பர் 1-ஆம் தேதி நகரின் மேல் நின்ற இடிமேகத்தில் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் எட்டியதை, அங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகம் விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிரால் உண்டாகும் மியூவான் என்ற நுண்துகள்களின் எண்ணிக்கைக் குறைவை வைத்துக் கணக்கிட்டுச் சொன்னது.

ஓசோன் பற்றி மலைவாசிகளுக்கு ஒரு எச்சரிக்கை. நம் தலைக்கு மேல் உள்ள ஓசோன் முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்துக்கு அமுக்கினால் இரண்டரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். குளிர்நாடுகளுக்கு மேல் இருப்பதைவிட இது குறைவு. அதோடு, ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடுகிறது. உடம்புக்குக் குளிர்வதால் வெயில் உறைப்பது தெரிவதில்லை. கேரட் தோட்டத்தில் பகல் முழுக்கக் குனிந்து வேலை செய்பவர்களின் கழுத்தும் கன்னமும் கறுத்துப்போவதற்குக் காரணம் குளிர்காற்று என்று பலர் நினைக்கிறார்கள். வெயில்தான். தலைக்கு முண்டாசோ அகலத் தொப்பியோ கட்டாயம் வேண்டும்.

50 கிலோமீட்டருக்கு மேலே இடையடுக்கு, 85-க்கு மேலே வெப்ப அடுக்கு. எரிகற்கள் பெரும்பாலும் இடையடுக்கில் எரிந்து தீர்கின்றன. கொடைக்கானல் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால், நூறு கிலோமீட்டர் உயரத்தில் பகல்நேரத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டத்தைக் கவனிக்க நல்ல இடம். நாளைய மழைக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதால் இங்கேயே இறங்கிவிடுகிறேன். மழை, காற்று, பனி எல்லாம் கீழடுக்கின் விவகாரம். நீராவி கிட்டத்தட்ட முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

அதிலும் பாதிக்குமேல் கீழே இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு தகவலை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். உதகையும் கொடைக்கானலும் அந்த ஈரப் போர்வையின் மேல் விளிம்பில் உட்கார்ந்திருக்கின்றன. மழைக்காலத்தில் போர்வை தடித்து மலையை மூடுகிறது. தை மாதத்தில் சுருங்கி, ஊர் போர்வைக்கு வெளியே வந்துவிடுகிறது. வானம் கருநீலமாகத் தெரிவதும், தூசி இல்லாமல் இருப்பதும், இரவில் தரையின் சூடு தடையில்லாமல் விண்ணுக்குப் போவதும் ஒரே காரணத்தால்தான். சூரியனை ஆராய கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தவர்களும் இந்தத் தூசியற்ற உயரத்தைத்தான் பார்த்தார்கள். மதராஸ் மாகாணத்தில் வந்த பஞ்சத்துக்குப் பின், சூரியனைப் புரிந்துகொண்டால் பருவமழையைப் புரிந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில் 1893-ல் முடிவெடுத்து, 1899-ல் அமைத்த வானாய்வகம் அது.

மேகம் எந்த உயரத்தில் கட்டும் என்பதை வீட்டிலிருந்தே கணக்கிடலாம். இரண்டு எண்கள் போதும்: காற்றின் வெப்பநிலை, பனிநிலை. காற்று எந்த அளவுக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் துளியாகத் தொடங்குமோ அதுதான் பனிநிலை. கைபேசி வானிலைச் செயலிகள் பெரும்பாலும் இரண்டையும் காட்டுகின்றன. வித்தியாசத்தை 125-ஆல் பெருக்கினால் அந்த இடத்திலிருந்து எத்தனை மீட்டர் மேலே மேகத்தின் அடி இருக்கும் என்று கிடைக்கும். மேட்டுப்பாளையத்தில் பிற்பகல் 34 டிகிரி, பனிநிலை 22 என்று வையுங்கள். 12 டிகிரிக்கு 1,500 மீட்டர்; ஊரின் 325-ஐச் சேர்த்தால் 1,825. குன்னூரின் உயரம் சுமார் 1,850. மத்தியானம் வரை வெயிலடித்த குன்னூரில் மூன்று மணிக்கு மேகம் தெருவுக்குள் நுழைவது இப்படித்தான். காலையில் கீழே 28 டிகிரி, பனிநிலை அதே 22 என்றால் 1,075 மீட்டர்; கிழக்குக் காற்று சரிவில் ஏற்றும் நாளில் மலைரயில் ஹில்குரோவ் பக்கமே வெள்ளைக்குள் புகுந்துவிடும். மலைச்சாலையில் வண்டி ஓட்டுபவர்கள் கிளம்பும் முன் இந்தக் கணக்கைப் போட்டால் எந்தக் கொண்டை ஊசி வளைவுக்கு மேல் மஞ்சள் விளக்கு தேவைப்படும் என்று தெரிந்துவிடும். இரவில் தேங்கிய குளிர்காற்று கீழே கிடக்கும் விடியற்காலையில் மட்டும் இந்தக் கணக்கு சரியாக வராது. பத்து மணிக்கு மேல் நம்பலாம்.

பருவமழைக்கு வருவோம். ஜூனில் வெப்பமண்டலத் தாழ்வழுத்தப் பட்டை வடக்கே நகர்கிறது. தென் கோளத்துக் காற்று பூமத்திய ரேகையைத் தாண்டி, பூமியின் சுழற்சியால் வலப்பக்கம் திரும்பி, அரபிக்கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு மேற்கிலிருந்து வருகிறது. அதன் வேகம் உச்சத்தில் இருப்பது தரையில் அல்ல, ஒன்றரை கிலோமீட்டர் உயரம் சுற்றி. நீலகிரியின் மேற்குச் சுவர் அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கிறது. மேலே போகப் போக மேற்குக் காற்று தளர்ந்து, ஆறு கிலோமீட்டர் போல் திசை மாறி, 14, 15 கிலோமீட்டரில் கிழக்கிலிருந்து பாயும் காற்றாறாக (ஜெட் ஸ்ட்ரீம்) ஆகிவிடுகிறது. அந்தக் கிழக்குக் காற்றாற்றை 1950-களில் விளக்கியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். கீழே மேற்கு, மேலே கிழக்கு என்ற இந்த ஏற்பாடு பலமாக இருக்கும் ஆண்டில் மழையும் பலமாக இருக்கும்.

மேற்கிலிருந்து வரும் காற்று மலையேறி இறங்கும்போது என்ன ஆகிறது என்று எண்களில் பாருங்கள். நிலம்பூர்ப் பக்கம் அடிவாரத்தில் 28 டிகிரி, பனிநிலை 25. நானூறு மீட்டர் போல் ஏறியதும் மேகம் கட்டிவிடும். அப்போது 24 டிகிரி. அங்கிருந்து 2,400 மீட்டர் வரை கிலோமீட்டருக்கு 5 டிகிரி வீதம் குளிர்ந்து 14-க்கு வரும். வழியெல்லாம் மழை, மேற்கு விளிம்பிலுள்ள மேல்பவானியும் அவலாஞ்சியும் நனைகின்றன. ஈரத்தை இழந்த காற்று கிழக்கே இறங்கும்போது மேகம் கலைந்துவிடுவதால் கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி வீதம் சூடாகிறது. 325 மீட்டருக்கு வரும்போது கணக்குப்படி 34, 35. புறப்பட்டதைவிட ஆறு டிகிரிக்கு மேல் அதிகம். மழையாக விழுந்த நீர் விட்டுப்போன வெப்பம்தான் அது. எல்லாக் காற்றும் மலையேறுவதில்லை. பெரும்பகுதி பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சுற்றி வருகிறது, வழியில் கலக்கிறது. அதனால் நிஜத்தில் வித்தியாசம் இதைவிடக் குறையும். ஆனால் ஜூலையில் அவலாஞ்சி சொட்டச் சொட்ட நனையும் அதே நாளில் மலையின் மறைவிலுள்ள மசினகுடி காய்ந்து கிடப்பதன் அடிப்படை இதுதான்.

அக்டோபரில் தாழ்வழுத்தப் பட்டை தெற்கே இறங்க, காற்று வங்கக்கடலிலிருந்து கிழக்குப் பக்கமாக வருகிறது. இப்போது கோத்தகிரியும் குன்னூரும் காற்று முகத்தில், மேல்பவானி மறைவில். இரண்டு பருவமழையும் ஒரே மலையில் எவ்வளவு வேறுபட்ட இடங்களைத் தேடிப்பிடிக்கின்றன என்பதற்கு இரண்டு நாட்கள் போதும். 2009 நவம்பரில் வடகிழக்குப் பருவமழையில், உதகைக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து, குன்னூர்ச் சரிவுகள் சரிந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. 2019 ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழையில் அவலாஞ்சியில் ஒரே நாளில் அதே 80 சென்டிமீட்டரைத் தாண்டியது. வானில் கோடு போட்டால் இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆகவே 'நீலகிரியில் கனமழை' என்ற அறிவிப்பைக் கேட்டால், எந்தத் திசைக் காற்று என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். மேற்குக் காற்றென்றால் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி. கிழக்குக் காற்றென்றால் குன்னூர், கோத்தகிரி, பர்லியாறு சாலை.

பழனி மலை வேறு மாதிரி. மேற்கே ஆனைமலை முன்னால் நின்று தென்மேற்குக் காற்றின் ஈரத்தைப் பிழிந்துவிடுகிறது. பேரிஜம் போன்ற மேற்கு விளிம்புக்கு ஓரளவு சாரல் கிடைக்கும். கொடைக்கானலின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆண்டு மழை 160 சென்டிமீட்டர் அளவில் இருக்க, நேர் கீழே வடக்கு அடிவாரத்தில் பழனியும் ஒட்டன்சத்திரமும் வறண்ட பூமி. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டு என்றதும் வறட்சி என்று பயப்படுகிறோம். அது தென்மேற்குப் பருவமழையைத்தான் தளர்த்தப் பார்க்கிறது. வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும்பாலும் சாதகம். எனவே ஒரே எல் நினோ கூடலூர்த் தேயிலைக்கு ஒன்றாகவும், கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறை மலைப்பூண்டுக்கு வேறாகவும் இருக்கக்கூடும்.

இப்போது தொடங்கிய இடத்துக்கு வரலாம். மார்கழி பாதியில் மழை ஓய்கிறது. மேலிருந்து காற்று மெல்ல இறங்கி அமர்கிறது. இறங்கும் காற்று சூடாகி உலர்வதால் மேகம் இல்லை. மாலை ஐந்தரைக்கு வெயில் போனதும் புல்லும் மண்ணும் தம் சூட்டை நேராக விண்ணுக்கு விடத் தொடங்குகின்றன. ஈரப் போர்வை கீழே போய்விட்டதே! புல்நுனி முதலில் குளிர்கிறது, அதை ஒட்டிய காற்று அடுத்து. குளிர்ந்த காற்று கனம். தண்ணீர் மாதிரி, ஆனால் தண்ணீரைவிட மிக மெதுவாகச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே மிதமான காற்று மூடிபோல் நிற்கிறது. மேலே குளிர், கீழே சூடு என்ற ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. 16 கிலோமீட்டர் உயரத்தில் பார்த்த அதே மூடிதான். இங்கே முப்பது, ஐம்பது மீட்டரில். மூடிக்கு மேலே உள்ள சரிவுப் பட்டையில் விடியற்காலை 6, 7 டிகிரி இருக்க, பள்ளத்துப் புல்லில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சகஜம்.

முதலில் விழுவது நீர்ப்பனி. நீராவி துளியாகும்போது வெப்பம் வெளியேறுவதால் குளிர்வது கொஞ்சம் தாமதப்படும். மாலையில் பனிநிலை உயரமாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு உண்டு. பல நேரம் பனிமூட்டம் கட்டி அதுவே போர்வையாகிவிடும். பனிநிலை பூஜ்யத்தை ஒட்டியோ கீழேயோ இருந்தால் தடுப்பதற்கு எதுவுமில்லை. அதிலும் மோசமானது காற்று மிகவும் உலர்ந்த இரவு: வெள்ளைப் படிகமே தெரியாது, ஆனால் இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து செல்சவ்வைச் சிதைத்துவிடும். காலையில் ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பியவர், மறுநாள் கொழுந்தெல்லாம் கறுத்து நிற்பதைப் பார்ப்பார்.

காப்பாற்ற என்ன செய்யலாம்? செலவில்லாதது குளிர்காற்றுக்கு வழிவிடுவது. சரிவின் கீழ்ப்பக்கம் அடர்ந்த வேலியோ மதிலோ இருந்தால் அது அணைபோல் குளிரைத் தேக்கும். அங்கே இடைவெளி வெட்டுங்கள். மேல்பக்கம் வேலி அடர்த்தியாக இருப்பது நல்லது, வரும் குளிரைப் பக்கவாட்டில் திருப்பிவிடும். பூம்பாறை, மன்னவனூர்ப் படிக்கட்டு நிலங்களில் கல்வரப்பு தலைதூக்கி நின்றால் ஒவ்வொரு படியும் ஒரு குளிர்த்தொட்டிதான். நண்பகலுக்கு முன் நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி வையுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தைச் சேமித்து இரவில் மெல்ல விடும். நாற்றங்கால் மேலே காய்ந்த பெரணியோ வைக்கோலோ போட்டு மூடுவது பலன் தரும், காலையில் எடுத்துவிட வேண்டும். அதே வைக்கோலைச் செடிக்கு அடியில் மண்மேல் பரப்பினால் எதிர்விளைவு. மண்ணின் சூடு செடிக்கு எட்டாமல் அடைபட்டு, மேலே உள்ள இலை இன்னும் குளிரும். இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் நஷ்டப்படுவது வேதனையான விஷயம். நவம்பர் கடைசியில் தேயிலையைக் கவாத்து செய்வதும் தழைச்சத்து உரம் போடுவதும் வேண்டாம்; பனிக்கு முதலில் பலியாவது இளந்தளிர்.

புகை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புகைத்துகள் மிகச் சிறியது. தரை விடும் வெப்பக் கதிரை அது பெரிதாக மறிப்பதில்லை. உதவுவது நெருப்பின் சூடு மட்டும். அதுவும் சின்னச் சின்னதாகப் பல இடத்தில் மூட்டினால்தான். ஒரே பெரிய நெருப்பு மூடியைத் துளைத்து மேலே போய்விடும், சுற்றியுள்ள குளிரைத் தோட்டத்துக்குள் இழுத்துவரும்.

தெளிப்பான் வேலை செய்யும், நிபந்தனையோடு. ஒரு லிட்டர் தண்ணீர் உறையும்போது 80 கிலோகலோரி வெளியேறுகிறது, அது இலையைப் பூஜ்யத்திலேயே நிறுத்தும். ஆனால் ஒரு லிட்டர் ஆவியானால் 600 கிலோகலோரி போல் எடுத்துக்கொள்ளும். அரைகுறையாகத் தெளித்தால் லாபத்தைவிட இழப்பு அதிகம். மணிக்கு இரண்டரை மில்லிமீட்டர் தேவை என்று வைத்தால் ஏக்கருக்குப் பத்தாயிரம் லிட்டர். ஐந்து மணி நேரத்துக்கு ஐம்பதாயிரம். அவ்வளவு தண்ணீர் கிணற்றிலோ தொட்டியிலோ இல்லையென்றால் தொடங்காதீர்கள். தொடங்கினால் சூரியன் வந்து பனிக்கட்டி தானாகக் கழன்று விழும்வரை நிறுத்தாதீர்கள்.

இதற்கெல்லாம் முன், உங்கள் நிலத்தை அளந்து பாருங்கள். சாதாரண டிஜிட்டல் அதிகபட்ச-குறைந்தபட்ச வெப்பமானி மூன்று போதும். நொறுக்கிய பனிக்கட்டியில் கொஞ்சம் தண்ணீர் கலந்து உணரியை அமிழ்த்துங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் எத்தனை பிசகு என்று எழுதி ஒட்டிவிடுங்கள். ஒன்றைப் பள்ளத்தில் புல்லுக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே திறந்தவெளியில், இரண்டாவதை அதே இடத்தில் 1.2 மீட்டர் உயரத்தில் வெள்ளைப் பெட்டிக்குள், மூன்றாவதைச் சரிவில் நாற்பது ஐம்பது மீட்டர் மேலே அதே போன்ற பெட்டிக்குள். சுவரை ஒட்டி எதையும் வைக்காதீர்கள். வானிலை நிலையம் சொல்லும் எண் இரண்டாவது கருவியின் உயரத்தில் எடுத்தது. அது 3 டிகிரி காட்டும்போதே புல்நுனி உறைந்திருக்கலாம், செய்தியில் 3 டிகிரி என்று கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது. டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை வெயில் படும் முன் மூன்றையும் குறித்து வாருங்கள். முதலுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் அதிகமான இரவுகளில் முந்தைய மாலை பனிநிலை என்ன, காற்று இருந்ததா என்று பக்கத்திலேயே எழுதுங்கள். நீர்போக (பாசனத்தில் வளரும் பருவத்து) உருளைக்கிழங்கை எந்தப் பாத்தியில் ஜனவரியில் நடலாம், எதைப் பிப்ரவரி கடைசி வரை தள்ளிப்போட வேண்டும் என்பதை அந்த நோட்டைப் பார்த்தே பிரித்துவிடலாம்.